சிறிய கடல்நீர்த் தொட்டியில் யாரை எப்போது குடியேற்றுவது

கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மீன்களின் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். பட்டியல் தருவது எளிது. ஆனால் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு தொட்டி அமைத்த இருவரில் ஒருவருடைய தொட்டி ஆண்டுக்கணக்கில் செழிப்பதையும், மற்றவருடையது சில மாதங்களில் வெறும் உப்புத் தண்ணீராக நிற்பதையும் பலமுறை பார்த்த பிறகு, உயிர்களை விடும் வரிசையும் அவற்றுக்கு இடையே விடும் காலமும்தான் தொட்டியின் ஆயுளை முடிவு செய்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன். அந்த வரிசையை விளக்கவே இதை எழுதுகிறேன். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியை மனத்தில் வைத்திருக்கிறேன். அதன் கொள்ளளவு சுமார் 120 லிட்டர். கல்லும் மணலும் போட்ட பிறகு ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

முதலில் உள்ளே போவது கல். வெளிநாட்டுக் காணொளிகளில் கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்களை, அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளை, அப்படியே தொட்டியில் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, இங்கும் அது கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேட வேண்டாம். பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் 2001-இல் கொண்டுவரப்பட்டுவிட்டன. அவற்றை உயிரோடு எடுப்பது மட்டுமல்ல, உடைந்த துண்டை விற்பதும் குற்றம். சட்டத்துக்கு அஞ்சுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போனதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது முக்கியமான காரணம். அந்தக் கடலை நேசிப்பதால் தொட்டி வைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. செயற்கையாக வார்த்த நுண்துளைக் கற்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கச் சற்றுக் காலம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கற்களை அடுக்கும்போது அடிக்கற்கள் மணலின்மேல் அல்லாமல் தொட்டியின் தரைமீதே உட்காருமாறு வைக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் இறாலைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

சென்னையில் இருப்பவர்கள் அடுத்துக் கேட்பது, கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பை விலை கொடுத்து வாங்குவானேன் என்பது. கூவமும் அடையாறும் கலக்கும் நகரக் கடற்கரையின் தண்ணீரில் கழிவுநீரும் எண்ணெயும் எந்த நாளில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதே பாதுகாப்பு. வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் சாதாரணத் தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு இருக்கும். எனவே நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் சோதித்து, பூச்சியத்தை ஒட்டி வராவிட்டால், எஞ்சிய தாதுக்களை நீக்கும் டி.ஐ. பிசின் வடிகட்டி ஒன்றை அதன்பின் இணைத்துக்கொள்ள வேண்டும். கரைத்த நீரின் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 இருக்கட்டும். அதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவது நல்லது; மிதவை அளவிகள் பல நேரம் பொய் சொல்கின்றன. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே தினமும் குறையும் அளவை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மூடிய அறைக்குள் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டிவிடும். பவளத்தின் திசுக்களுக்குள் குடியிருந்து ஒளியிலிருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி, நீர் அளவுக்கு மீறிச் சூடானால் வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்து, பட்டினியில் மெலிகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே இப்படிப் பெரும் வெளுப்பு நேர்ந்தது. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்குமேல் குறைய வேண்டுமானால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும், அல்லது ஏ.சி. ஓடும் அறையில் தொட்டியை வைக்க வேண்டும். இந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் உயிர்களை வாங்குவதை ஒத்திப்போடுவதே நேர்மை.

கல், மணல், உப்புநீர், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் எல்லாம் அமைந்த பிறகும் தொட்டி மீனுக்குத் தயாராகிவிடுவதில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் நுண்துளைகளில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் காரத்தன்மை நன்னீரைவிட அதிகம் என்பதால், அதே அளவு அம்மோனியா இங்கே கூடுதல் நஞ்சாகிறது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். உறுதியான மீன் என்று சொல்லி டாம்சல் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்தே பாக்டீரியாவை வளர்க்கச் சொல்லும் வழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. அது அந்த மீனுக்குக் கொடுமை. பிழைத்துக்கொண்டால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொரு மீனையும் விரட்டும். அம்மோனியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவந்து, அது ஒரே நாளில் பூச்சியமாகி நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்கும் நிலை வரும்வரை சோதித்துக்கொண்டிருந்தால் போதும். எந்த உயிரும் வதைபட வேண்டியதில்லை.

இந்த நிலை வந்த சில நாட்களில் மணலின்மேல் பழுப்பு நிறத்தில் பொடிபோல ஒன்று படரும். அது டயாட்டம் பாசி. பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு புதுத் தொட்டியும் இதைக் கடந்துதான் வரும். முதல் உயிர்களை விடுவதற்கு இதுவே சரியான நேரம். அந்த முதல் உயிர்கள் நத்தைகள். கண்ணாடியையும் கல்லையும் சுரண்டித் தின்ன ட்ரோக்கஸ் நத்தைகள் மூன்று அல்லது நான்கு, மணலுக்குள் புதைந்து திரிந்து மிச்சத் தீனியைத் தின்ன நஸ்ஸாரியஸ் நத்தைகள் மூன்று போதும். கடைகளில் அதிகம் தென்படும் டர்போ நத்தை பாசியை வேகமாகத் தின்றாலும், மணலில் மல்லாந்து விழுந்தால் அதற்குத் தானாக நிமிரத் தெரியாது. கவனிக்காவிட்டால் அங்கேயே செத்து நீரைக் கெடுக்கும். ட்ரோக்கஸ் தானே நிமிர்ந்துகொள்ளும். இருபது நத்தைகளை ஒன்றாக வாங்கி விட்டால், இருக்கிற பாசி ஒரு வாரத்தில் தீர்ந்து பாதி நத்தைகள் பட்டினியால் சாகும். பாசி கூடினால் நத்தையைக் கூட்டிக்கொள்ளலாம்.

மீன்களின் வரிசைக்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: கூச்சமுள்ளது முதலில், முரடு கடைசியில். மீன்கள் தங்கள் இடத்தைச் சில நாட்களுக்குள் பிடித்துக்கொள்ளும். முரட்டு மீன் முதலில் வந்தால் தொட்டி முழுதும் அதற்குச் சொந்தமாகிவிடும். கூச்ச மீன் முதலில் வந்தால் ஒரு பொந்தைத் தேர்ந்துகொண்டு, அச்சமின்றித் தின்னப் பழகிக்கொள்ளும். பின்னால் வலியது வந்தாலும் அந்தப் பொந்து அதனுடையதாகவே இருக்கும். ஒவ்வொரு வரவுக்கும் இடையில் மூன்று வாரமாவது விட வேண்டும். கூடுதல் கழிவைச் சமாளிக்கும் அளவுக்குப் பாக்டீரியா பெருகுவதற்கு அந்த அவகாசம் தேவை.

இந்த விதிப்படி முதலில் வர வேண்டியது ஃபயர்ஃபிஷ். முன்பாதி வெண்மையும் பின்பாதி தீயின் நிறமுமாக, முதுகின் நீண்ட துடுப்புக் கதிரைச் சுண்டிக்கொண்டே நீரோட்டத்தில் ஒரே இடத்தில் நிற்கும். விரல் நீளத்துக்குமேல் வளராது. ஒன்று மட்டும் வாங்குங்கள். திடுக்கிட்டால் தண்ணீரை விட்டே துள்ளிவிடும் என்பதால் தொட்டிக்கு நைலான் வலை மூடி கட்டாயம் வேண்டும். கண்ணாடி மூடி வெப்பத்தை அடைத்துவைக்கும். நம் ஊருக்கு வலையே பொருத்தம்.

அடுத்து நான் சொல்லும் இணையைப் பார்ப்பதற்காகவே ஒருவர் கடல்நீர்த் தொட்டி வைக்கலாம். உளுவை இனத்தைச் சேர்ந்த மஞ்சள் வாட்ச்மேன் கோபியும், பிஸ்டல் இறாலும் ஒரே வளையில் வாழ்கின்றன. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு, ஆனால் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. கோபிக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் கண் கூர்மை. என் தொட்டியில் மாலை விளக்கு வந்ததும் கோபி வளையின் வாயில் வந்து உட்காரும். சற்று நேரத்தில் இறால் இரண்டு கொடுக்குகளிலும் மணலை அணைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும். வெளியே வந்த கணத்திலிருந்து அதன் உணர்கொம்புகளில் ஒன்று கோபியின் உடலைத் தொட்டபடியே இருக்கும். நான் கையைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனால் கோபி வாலை ஒரு சிறு துடிப்பு துடிக்கும். அந்தத் துடிப்பு கொம்பு வழியே இறாலுக்குப் போக, சுமந்த மணலை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாங்கி மறையும். இன்னும் அருகில் போனால்தான் கோபி தலை முன்னே செல்ல வளைக்குள் பாயும். இறால் ஓயாமல் கல்லுக்கடியில் சுரங்கம் தோண்டுவதால், மணல்மேல் நிற்கும் கல் ஒரு நாள் சரிந்துவிடும். அடிக்கற்கள் தரையில் நிற்க வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். மணல் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சிறு சிப்பித் துண்டுகளும் கலந்து இருந்தால் வளை இடியாமல் நிற்கும். இரண்டையும் தனித்தனியே வாங்கி விட்டாலும் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்ளும். ஒரு வாரம் வரை காத்திருக்கலாம்.

மூன்றாவதாக வருகிறவை எல்லோரும் முதலில் வாங்கும் கோமாளி மீன்கள். ஆரஞ்சும் வெள்ளைப் பட்டையும் கொண்ட ஒசெல்லாரிஸ் வகை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. கடினமான மீன், எதையும் தின்னும். ஆனால் வளர்ந்த இணை தன் மூலையைக் காவல் காக்கும் என்பதால், கூச்ச மீன்களுக்குப் பின்னரே விட வேண்டும். கோமாளிக் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் வலுவானது பெண்ணாக மாறும், அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆணாகும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் பார்த்து இரண்டு குஞ்சுகளை வாங்கினால், அவை தாமாகவே இணையாகிவிடும். சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டுவதைப் பார்த்து, நோய் வந்துவிட்டது என்று பதற வேண்டாம். பணிந்துபோகிறேன் என்பதற்கு அது காட்டும் அடையாளம் அது. மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் அதை மற்ற இரண்டும் சேர்ந்து கொன்றுவிடும்.

கோமாளி மீனை இனப்பெருக்கக் கூடத்தில் பிறந்ததாகவே கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்ததும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரை ஊட்டி வளர்க்கிறார்கள். அப்படிப் பிறந்த மீன் தொட்டித் தீனிக்குப் பழகியிருக்கும், கடலிலிருந்து பிடித்ததைவிட நோயும் குறைவு. கடலில் இருந்து ஒரு மீன் குறைவதுமில்லை. கோமாளிக்குக் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டியில் அது தேவையே இல்லை. சாமந்திக்கு வலுவான ஒளியும் ஓராண்டாவது முதிர்ந்த நீரும் வேண்டும். பிடிக்காத இடத்திலிருந்து அது ஊர்ந்து போய் வேவ்மேக்கரில் சிக்கினால், தொட்டி முழுதும் கெடும்.

கடைசி மீனாக ஊதா முன்பாதியும் மஞ்சள் பின்பாதியும் கொண்ட ராயல் கிராமா ஒன்றை விடலாம். அது மேற்கு அட்லாண்டிக்கின் மீன், விலை சற்று அதிகம். தன் பொந்தின் வாயில் வருகிறவர்களிடம் வாயைத் திறந்து மிரட்டும், அதற்குமேல் போகாது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஆக, இந்த அளவுத் தொட்டிக்கு ஐந்து சிறு மீன்களே எல்லை.

கடையில் கண்ணைக் கவரும் சிலவற்றை ஏன் வாங்கக் கூடாது என்றும் சொல்லியாக வேண்டும். நீல டாங் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் விற்கப்பட்டாலும் ஒரு அடி வரை வளரும், நாளெல்லாம் நீந்தும் மீன். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கல்லில் ஊரும் நுண்ணிய கோப்பிப்பாடுகளை நாள் முழுதும் கொறித்தே வாழும். புதுத் தொட்டியில் அவை தீர்ந்ததும், மற்ற மீன்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டே மெலிந்து சாகும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்னும் கிளீனர் ராஸுக்கும் இதே கதிதான். அந்த வேலைக்குக் கிளீனர் இறால் போதும், அது போடும் தீனியையும் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே தின்பவை. கடல் குதிரையும் 2001-இல் சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. யாராவது மறைவாகக் கொடுக்க வந்தால் மறுத்துவிட்டு அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்துங்கள்.

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் பெரும்பாலும் நன்னீர் மீன்களே என்றாலும் கடல் மீன் விற்கும் கடைகளும் உண்டு. எந்தக் கடையானாலும், தீனி போடச் சொல்லி நம் கண்ணெதிரில் தின்ற மீனை மட்டுமே வாங்க வேண்டும். வயிறு ஒட்டியது, வேகமாக மூச்சு வாங்குவது, துடுப்பில் உப்புப் பொடி தூவியதுபோல் வெண்புள்ளி கொண்டது ஆகியவற்றை இரக்கப்பட்டுக்கூட எடுத்துவரக் கூடாது. அந்த வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து மணலில் கூடு கட்டி, மீண்டும் பெருகித் திரும்பி வரும். ஒருமுறை உள்ளே வந்தால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்துப் பல வாரம் தொட்டியைக் காலியாக வைத்தால்தான் ஒழியும். அதற்குரிய செம்பு மருந்து நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொல்லும் என்பதால் பிரதானத் தொட்டியில் ஒரு சொட்டும் விழக் கூடாது. 40 லிட்டர் தொட்டி ஒன்றில் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் போட்டு, ஒவ்வொரு மீனையும் நான்கு வாரம் அங்கே வைத்துப் பார்த்த பிறகு மாற்றுவதே முறை. இறாலையும் நத்தையையும் விடும்போது, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்க வேண்டும். கடையிலிருந்து வந்த பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

பவளங்களுக்கு வருவோம். மூன்றாம் நான்காம் மாதத்தில், மீன்கள் நிலைபெற்று, நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். அளவில் ஆடாமல் நிற்கும்போது தொடங்கலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாக இருப்பதே தூய்மை என்று எண்ணி விரட்டிவிடாதீர்கள். மென் பவளங்கள் அவற்றிலிருந்தும் உணவு பெறுகின்றன, இரண்டும் இல்லாத நீரில் சுருங்கிப்போகும். மேற்சொன்ன சட்டத்தால் நமக்கு வாய்ப்பது கல் எலும்பு இல்லாத வகைகள்தான். அதில் எனக்குக் குறையே தெரியவில்லை, ஏனென்றால் தொடக்கக்காரர் வளர்க்கத் தக்கவையும் அவையே. முதலில் காளான் பவளம்: நிழலான அடிப்பகுதியில், மெல்லிய ஓட்டத்தில் வைத்தால் போதும். அடுத்துத் தோல் பவளம். இது அவ்வப்போது பல நாள் சுருங்கிக்கொண்டு, மெழுகுபோன்ற ஒரு தோலை உரித்துவிட்டு மீண்டும் விரியும்; இறந்துவிட்டதென்று எண்ணித் தூக்கிப் போட்டவர்களை அறிவேன். பக்கத்துப் பவளங்களை அடக்க இது நீரில் வேதிப்பொருளைக் கசியவிடும் என்பதால், வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பச்சை நட்சத்திரப் பாலிப் கம்பளமாகப் படரும். மற்றக் கற்களைத் தொடாத தனிக்கல்லில் வைக்காவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஜோவாந்திட் வகைகள் சிறு பூக்களைப்போல் பல நிறங்களில் கிடைக்கின்றன, எளிதில் பெருகுகின்றன. ஆனால் அவற்றில் சில, குறிப்பாகப் பாலிதோவா, பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சைக் கொண்டவை. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியாக எழும் துளிகளை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

மென் பவளங்களுக்குக் கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றுக்கெனத் தனியே எதையும் ஊற்ற வேண்டியதில்லை. வாரம் பத்து சதவீத நீரை மாற்றினாலே உப்புக் கலவையிலிருந்து வேண்டிய தாதுக்கள் வந்துசேரும். காளானும் தோல் பவளமும் ஓராண்டுக்குள் இடம் போதாமல் வளர்ந்துவிடும். அப்போது துண்டுகளைச் சிறு கல்லில் பசை வைத்து ஒட்டி, புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கொடுங்கள். வீட்டிலேயே வளர்ந்த துண்டு ஒன்று ஒரு தொட்டிக்குப் போனால், அந்த அளவுக்குக் கடலிலிருந்து எடுப்பது குறையும்.